நூற்று நாற்பதில் நின்ற முள்

பட்டம்மாள் வந்தபோது இக்னேஷியஸ் ஓர் அழுத்தமானியைத் திறந்து, அதன் வயிற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். பெரம்பூர் ரயில் பட்டறையில் முப்பது வருடம் நீராவி எஞ்சின்களின் அழுத்தமானிகளைச் சோதித்தவர் அவர். ஓய்வு பெற்று ராயபுரத்துக்கு வந்த பிறகும் துறைமுகத்து இழுவைப் படகுகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் பொய் சொல்லும் கருவிகள் அவரைத் தேடி வந்தன. சில சமயம் கருவிகளோடு மனிதர்களும் வந்தார்கள்.

1934, மே மாதம், ஒரு சனிக்கிழமை. கடல் காற்று இன்னும் எழவில்லை. எதிர்ச்சாரியில் தகரக்கடை வைத்திருந்த ரஷீதுதான் அவளை அழைத்து வந்தார். யாராவது அழுத முகத்தோடு தெருவுக்குள் நுழைந்தால் ரஷீதுக்குக் கடையில் இருப்புக் கொள்ளாது.

"அண்ணே, இந்தப் பொண்ணு வியாசர்பாடிலேர்ந்து நடந்தே வந்துகீது. இன்னான்னு கேளு."

இக்னேஷியஸ் முக்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"ஐயா, கப்பலுக்குச் சாமான் சப்ளை பண்றாரே அருள்பிரகாசம் ஐயா, அவர் வூட்டு டிரைவர் ஜெயவேலு. நான் அவர் சம்சாரம். செவ்வாக்கெழமை அவர் பொண்ணு சின்னம்மாவ எண்ணூர்ல வுட்டுட்டுக் காலி வண்டியா திரும்பி வந்துகினு இருந்தாரு. திருவொற்றியூர் தாண்டுறதுக்குள்ள எஞ்சின் இறுகிப் போயி நின்னுடுச்சு. ஒரே புகை. மூடியத் தொறந்தப்போ கொதிதண்ணி பீச்சி அடிச்சு கையெல்லாம் வெந்து போச்சு."

"சூட்டைக் காட்டுற மீட்டர் இருக்குமே?"

"அதான் ஐயா வம்பே. கடைசி வரைக்கும் முள்ளு நூத்தி நாப்பதுலதான் நின்னுச்சுன்னு சாதிக்கிறாரு. அவங்களோ, மவுண்ட் ரோட்டுப் பட்டறை தொரைய இட்டாந்து பாத்தாங்க. மீட்டர் சரியாத்தான் கீதுன்னு எழுதிக் குடுத்துட்டாரு. அப்போ எங்க வூட்டுக்காரர்தானே பொய்யரு? எஞ்சின ஓடவுட்டு எங்கியோ துன்னப் போயிட்டான்னு பேசிக்கிறாங்க. திங்கக்கெழமை கணக்கு தீத்து லெட்டர் குடுக்கப் போறாராம். அந்த லெட்டர்ல இத எழுதிட்டா அப்புறம் எவன் ஐயா வண்டிய நம்பிக் குடுப்பான்?"

இக்னேஷியஸ் பதில் சொல்லவில்லை. அவருடைய மௌனம் அந்தத் தெருவில் பிரசித்தம். பால்காரர்கூட அதற்குள் இரண்டு வீடு போய்த் திரும்பிவிடுவார். அந்த மௌனத்துக்குள்தான் பட்டம்மாள், சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்து வந்ததைச் சொன்னாள்.

"இன்னொண்ணு கீது ஐயா. யார்கிட்டயும் சொல்லல. அன்னிக்கு அவர் போட்டிருந்த வெள்ளைச் சட்டைல கறை. சவுக்காரம் பட்டதும் செக்கச்செவேல்னு ஆயிடுச்சு. மணல்ல காயப்போட்டேன், சாயந்தரத்துக்குள்ள இருந்த எடம் தெரியல. கொழம்புக் கறை ஐயா. எத்தினி வருஷமா தோய்க்கிறேன், எனக்குத் தெரியாதா? ஆனா அவரு, 'அன்னிக்குப் பச்சைத் தண்ணிகூட குடிக்கல'ன்னு கொழந்த தலைல அடிச்சு சத்தியம் பண்றாரு." அவள் குரல் இறங்கியது. "நானே அவர நம்பணுமா வேணாமான்னு தெரியாமத்தான் வந்தேன்."

"கறை சட்டையில எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"வலது கை மேலயும், கழுத்துப் பட்டை வரைக்கும். தெளிச்சாப்பல."

"மடியில?"

"மடில ஒரு சொட்டுகூட இல்ல."

இக்னேஷியஸ் அழுத்தமானியை மூடி வைத்துவிட்டு எழுந்தார். "போய்ப் பார்க்கலாம், பாய்."

அருள்பிரகாசத்தின் வீடு கடலைப் பார்த்த தெருவில் இருந்தது. அவரும் இக்னேஷியஸும் ஒரே மாதா கோயிலில் பூசை காண்பவர்கள்; கோயில் கடிகாரத்தைப் பழுது பார்த்த கையை அவர் மறுக்கவில்லை. வீட்டின் பக்கவாட்டில் கார் கொட்டகை. உள்ளே அந்தப் பழைய நான்கு சிலிண்டர் வண்டி, மூடியைத் திறந்துகொண்டு நின்றது. பித்தளை விளக்குகள் அன்று காலையும் துடைக்கப்பட்டிருந்தன.

"இருபத்தஞ்சுல வாங்கினது" என்றார் அருள்பிரகாசம். அறுபது வயதுக்கு நிமிர்ந்த உடம்பு. குரல் மட்டும் தளர்ந்திருந்தது. "ஜெயவேல் முதல் நாள்லேர்ந்து ஓட்டினான். ஒன்பது வருஷம். தப்பு பண்ணிட்டேன்னு சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பேன். பொய் சொல்றானே, அதத்தான் தாங்க முடியல."

அவருடைய மகள் ஃப்ளோரா கொட்டகை வாசலில் நின்றாள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. "இந்த வண்டியை வித்துடுங்கன்னு நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஏதோ ஒரு வழியில முடிஞ்சுது."

ரஷீது இக்னேஷியஸின் காதருகே வந்தார். "பாத்தியாண்ணே? வண்டி ஒழிஞ்சதுல பொண்ணுக்கு எவ்ளோ குஷி."

இக்னேஷியஸ் பட்டறைத் துரையின் அறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தார். இரண்டே செய்திகள். வெப்பமானியின் குமிழைக் கழற்றித் துடைத்து, கொதிக்கும் நீரில் இட்டுப் பார்த்ததில் சரியாகக் காட்டுகிறது. சலவைச் சோடா கலந்த வெந்நீரால் ரேடியேட்டரைக் கழுவியபோது நீர் சிவப்பாக வெளிவந்தது. பல மாதம் தண்ணீர் மாற்றாததால் பிடித்த துரு. ஆக, ஓட்டுநர் சோம்பேறி, பொய்யரும்கூட.

"நானும் ஒரு தடவை பார்த்துக்கிறேன்" என்றார் இக்னேஷியஸ்.

ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த பலகையில் வெப்பமானியின் வட்டமான முகம். அதன் பின்னாலிருந்து ஒரு மெல்லிய செம்புக் குழாய் எஞ்சினுக்குப் போனது. குழாயின் நுனியில் விரல் நீளத்துக்கு ஒரு குமிழ். குமிழுக்குள் ஈதர். அது சூட்டில் ஆவியாகி முள்ளைத் தள்ளும். எஞ்சினின் உச்சியில், வெந்நீர் ரேடியேட்டருக்குப் போகும் வழியில் ஒரு பித்தளைப் பொந்து இருந்தது. குமிழ் அங்கேதான் குடியிருக்கும். அவர் குமிழை வெளியே எடுத்து, ஃப்ளோரா கொண்டுவந்த கெண்டியின் கொதிநீருக்குள் விட்டார். முள் ஏறியது. இருநூற்றுப் பன்னிரண்டு, ஃபாரன்ஹீட்டில் நீர் கொதிக்கும் அளவு. ஒரு கோடுகூடத் தவறவில்லை.

ரஷீதின் முகம் வாடியது. "போச்சு. ஜெயவேலு மாட்னான்."

இக்னேஷியஸ் ஃப்ளோராவிடம் ஒரு கொண்டை ஊசியைக் கேட்டு வாங்கினார். காலியான பித்தளைப் பொந்தின் அடியைச் சுரண்டினார். கடுகளவில் கறுப்பாக ஏதோ வந்தது. முகர்ந்து பார்த்து, காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு தரையைப் பார்த்தார். சுண்ணாம்புக் காரை பூசிய தரை. துரையின் ஆட்கள் கழுவிவிட்ட நீர் ஓடிய தடம் ரேடியேட்டரின் கீழிருந்து வாசல்வரை சிவப்பாகக் காய்ந்திருந்தது. வாசலில், கூரையின் நிழல் முடியும் கோட்டில், கத்தியால் வெட்டியதுபோல் அந்தச் சிவப்பு நின்றுவிட்டது. வெளியே முற்றத்துக் காரையிலும் தண்ணீர் ஓடியிருக்க வேண்டும், அங்கே ஒன்றுமில்லை.

"யாராவது முற்றத்தைத் தேய்ச்சுக் கழுவினீங்களா?"

"இல்லையே" என்றாள் ஃப்ளோரா.

அவர் காரின் முன்பக்கம் வெகுநேரம் நின்றார். பிறகு சாதாரணமாகக் கேட்டார். "ரேடியேட்டர்ல ஒழுகல் ஏதாவது இருந்துச்சா?"

"இருந்தது. நின்னுடுச்சு" என்றார் அருள்பிரகாசம்.

"திங்கட்கிழமை காலையில வர்றேன். அதுக்கு முன்னால லெட்டரை எழுத வேண்டாம்."

ஜெயவேல் ரஷீதின் கடையில் காத்திருந்தான். நாற்பது வயது, வலது முன்கையில் துணிக்கட்டு. யாரும் கேட்காமலே, "நூத்தி நாப்பதுதான் ஐயா" என்றான்.

"நம்புறேன். ஒழுகலைப் பத்திச் சொல்லு."

"மாசி மாசத்துலேர்ந்து கீழ்ப்பக்கமா ஒழுகிகினு இருந்துச்சு ஐயா. காலைல பாத்தா தரைல சப்பாத்தி அளவு ஈரம் இருக்கும். பத்த வெச்சுடலாம்னா, பட்டறைக்குப் போனா வண்டிய அக்கு அக்கா பிரிச்சுடுவானுங்கன்னு ஐயா வுடல. நான் தெனம் தண்ணி ஊத்திகினு இருந்தேன். ரெண்டு வாரம் முன்ன, தங்கச்சி கொழந்தைக்குக் காது குத்துன்னு காலடிப்பேட்டைக்கு ரெண்டு நாள் லீவு போட்டேன். வந்து பாக்கறேன், தரை காஞ்சு கீது. சரி, ரஷீது பாய் கிட்ட குடுத்துட்டாரு போலன்னு வுட்டுட்டேன்."

ரஷீது நிமிர்ந்தார். "என்கிட்டயா? எவன் குடுத்தான்? நான் அந்த வண்டியத் தொட்டே மூணு வருசமாவுது, நைனா."

"அப்போ யாரு?" என்றான் ஜெயவேல்.

"மூடியத் திறந்தப்போ தண்ணி என்ன நிறத்துல இருந்துச்சு?" என்று கேட்டார் இக்னேஷியஸ்.

"பழைய வண்டி ஐயா. எப்பவும் பழுப்பாத்தான் இருக்கும். லீவு முடிஞ்சப்புறம் துறைமுகம், கோயில்னு கிட்டக் கிட்டத்தான் ஓட்டினேன். எண்ணூருதான் மொத நீட்டு ஓட்டம்."

இக்னேஷியஸ் கடைவாசலில் போய் நின்றார். மீன்பிடி வலைகளின் மீது வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அவர் திரும்பி வந்தபோது ரஷீதிடம் ஒரே ஒரு வேலை சொன்னார். காரில் இருக்கும் பித்தளைப் பொந்தைப் போலவே ஒன்று செய்து, கெண்டி மூடியில் பற்றவைத்துத் தர வேண்டும். பாதி உள்ளே, பாதி வெளியே.

"எதுக்குண்ணே?"

"ஒரு நல்ல சாட்சி எப்படிப் பொய் சொல்லுதுன்னு பார்க்க."

திங்கட்கிழமை காலை கொட்டகையில் எல்லோரும் கூடினார்கள். அருள்பிரகாசம் ஒரு நாற்காலியில்; பக்கத்தில் ஃப்ளோரா. ஜெயவேல் காரைத் தொடாமல் தள்ளி நின்றான். பட்டம்மாள் வாசலுக்கு வெளியே, வெயிலில். ரஷீது கெண்டியோடு அடுப்பருகே தயாராக இருந்தார்.

"துரை எழுதினது ரெண்டும் கண்ணால கண்ட உண்மை" என்று இக்னேஷியஸ் தொடங்கினார். "மீட்டர் கெண்டியில சரியாக் காட்டுது. தண்ணி சிவப்பா வந்தது. ஆனா அவர் ஒரு விஷயத்தை யோசிக்கல. மீட்டருக்கு எஞ்சின் தெரியாது. தன்னைச் சுத்தி இருக்கிறது எதுவோ, அதோட சூடு மட்டும்தான் அதுக்குத் தெரியும். துரை குமிழைக் கழட்டினார், துடைச்சார், அப்புறம் கொதிநீர்ல விட்டார். துடைச்சாரே, எதைத் துடைச்சார்? சாட்சியோட வாயில இருந்த துணியை எடுத்துட்டு, நல்லாத்தானே பேசுறான்னு எழுதிட்டுப் போயிட்டார்."

"துருவைத் துடைச்சிருப்பார்" என்றாள் ஃப்ளோரா.

"எலுமிச்சம்பழம் இருக்காம்மா?"

அவள் உள்ளே போய் ஒன்றைக் கொண்டுவந்தாள். இக்னேஷியஸ் அதை இரண்டாக நறுக்கி, தரையில் இருந்த சிவப்புத் தடத்தின் மீது பிழிந்தார். சாறு பட்ட இடம் நுரைத்தது. நுரை அடங்கியதும் அங்கே சிவப்பு இல்லை. பளிச்சென்று மஞ்சள்.

வெளியே நின்ற பட்டம்மாள் கையை வாய்மேல் வைத்துக்கொண்டாள். "ஆலம்" என்றாள்.

"ஆலம்தான். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தா சிவக்கும். சோடாவும் சுண்ணாம்பு வேலையைத்தான் செய்யும், சவுக்காரமும் அதைத்தான் செய்யும். அந்தத் துரைக்கு ஊர்ல யாரும் ஆலம் சுத்தினதில்லை, பாவம். துருவா இருந்தா எலுமிச்சம்பழத்துக்கு மஞ்சளாகாது. வெயிலுக்கும் அசையாது. முற்றத்துல ஓடினது ரெண்டு நாள் வெயில்ல மறைஞ்சு போச்சு, உள்ளே நிழல்ல இருந்தது அப்படியே இருக்கு. பட்டம்மா, நீ தோய்ச்ச சட்டையும் இதேதான். குழம்பு சிந்தினா மடியில விழும். இது ரேடியேட்டர் மூடியைத் திறந்தப்போ கையிலயும் கழுத்துலயும் அடிச்சது."

பட்டம்மாள் ஜெயவேலைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இக்னேஷியஸ் ஒரு கிண்ணத்தில் குழைத்து வைத்திருந்த மஞ்சளை எடுத்து, ரஷீது செய்த பித்தளைப் பொந்துக்குள் அடைத்தார். அதன் நடுவில் வெப்பமானியின் குமிழைச் செருகினார். மூடியைக் கெண்டியின் மீது வைத்தார். அடுப்பில் தண்ணீர் கொதித்தது. மூக்கு வழியாக ஆவி சீறியது. அருள்பிரகாசம் நாற்காலியிலிருந்து எழுந்து பலகையருகே வந்து முள்ளைப் பார்த்தார். கையைக் கொண்டுபோய் மூடிக்கு வெளியே நின்ற மஞ்சளைத் தொட்டார். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. முள் நூறைத் தாண்டி, நூற்று இருபதைத் தாண்டி, நூற்று நாற்பதுக்கு வந்து அங்கேயே தயங்கிக்கொண்டு நின்றது.

"இப்படியே விட்டா இன்னும் கொஞ்சம் ஏறும்" என்றார் இக்னேஷியஸ். "ஆனா ஓடுற வண்டியில எதிர்க்காத்து வெளிப்பக்கத்தைக் குளிர வைக்கும். எண்ணூர் ரோட்டுல கடல் காத்து வேற. ரேடியேட்டர் ஓட்டையை அடைக்க யாரோ மஞ்சள் தூள் போட்டிருக்காங்க. நம்ம ஊர் வழக்கம்தான். ஓட்டை அடைஞ்சுது. போட்டது அதிகமாப் போனதால நல்ல குழாய்களும் அடைஞ்சுது, எஞ்சின் கொதிச்சுது. மிச்சம் போய்க் குமிழைச் சுத்தி இறுகிக்கிச்சு, முள் அதைச் சொல்லல. அன்னிக்கு நான் ஊசியால சுரண்டி எடுத்தது அதைத்தான். ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான். ஜெயவேல் பார்த்தது நூத்தி நாப்பது. அவன் சொன்னதும் நூத்தி நாப்பது."

"போட்டது யாருண்ணே?" ரஷீதுக்குப் பொறுக்கவில்லை.

இக்னேஷியஸ் வாயைத் திறக்கவில்லை. கெண்டி கொதித்துக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு ஐஸ் வண்டி போனது. ஜெயவேல் ஒரு கால் மாற்றி நின்றான். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"டோரதி போன நாள் அன்னிக்கு" என்றார் அருள்பிரகாசம்.

அம்மாவின் பெயரைக் கேட்டு ஃப்ளோரா திரும்பினாள்.

"ஆறாவது வருஷம். ஜெயவேல் லீவு. நானே வண்டியை எடுத்துக்கிட்டுக் கல்லறைக்குப் போனேன். பூ வச்சுட்டு வெளியில வந்தா, வண்டிக்குக் கீழ சொட்டு சொட்டா ஒழுகுது. இருபத்தேழுல இதே மாதிரி கத்திவாக்கத்துல ஒழுகிச்சு. சுத்திலும் உப்பளம், ஒரு மனுஷன் கிடையாது. உங்க அம்மாதான் பெட்டிக்கடையைத் தேடிப்போய் மஞ்சள் வாங்கிட்டு வந்தா. மூடியைத் திறக்கச் சொல்லி, ரெண்டு விரலால கிள்ளிப் போட்டா. வீடு வர்ற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே வந்தா, உங்க வண்டிக்கு நலங்கு வச்சுட்டேன்னு. அப்புறம் எப்பவும் ஒரு பிஸ்கட் டப்பாவுல மஞ்சள் போட்டு டூல் பெட்டியில வச்சிருப்பா."

"அம்மா டப்பாவா?" என்றாள் ஃப்ளோரா மெல்ல. "அது இன்னும் இருந்துச்சா?"

"இருந்தது. திறந்தேன். வாசனைகூடப் போகல. எவ்வளவு போடணும்னு அவகிட்ட நான் கேட்டு வச்சுக்கல. டப்பாவோட கவிழ்த்துட்டேன். ஒழுகல் நின்னுது. அவளே வந்து நிறுத்தின மாதிரி இருந்துச்சு. தண்ணி சிவப்பா வந்ததும், துரு, டிரைவர் பொய்யன்னு துரை சொன்னதும் நான் அப்படியே நம்பிட்டேன். அவ வச்சுட்டுப் போன மஞ்சள் ஒரு கெடுதல் பண்ணும்னு எனக்குத் தோணவேயில்லை."

அவர் ஜெயவேலின் பக்கம் திரும்பினார். அப்போது வாசலிலிருந்து பட்டம்மாளின் குரல் வந்தது.

"ஒரு டப்பாவா ஐயா? நாங்க நாப்பது பேர் கல்யாணத்துக்கே அவ்ளோ போட மாட்டோமே."

முதலில் சிரித்தது ஃப்ளோராதான். சிரிப்பு பாதியில் அழுகையாகி, அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். ஜெயவேல் மனைவியை முறைத்தான். அவன் மீசையும் அசைந்தது.

அருள்பிரகாசம் அங்கேயே, காரின் பானெட்டின் மீது தாளை வைத்து எழுதினார். எழுதியதை உரக்கப் படித்துவிட்டுக் கொடுத்தார். 'ஜெயவேல் என்னிடம் ஒன்பது ஆண்டுகள் கார் ஓட்டினார். எஞ்சின் பழுதானதற்குக் காரணம் நான், இவர் அல்ல. கண்ணால் கண்டதை இவர் மாற்றாமல் சொன்னார். நம்பாமல் போனது என் குற்றம்.'

"கடைசி வரி வேணாம் ஐயா" என்றான் ஜெயவேல்.

"இருக்கட்டும். அதுதான் முக்கியமான வரி."

ரஷீதும் இக்னேஷியஸும் திரும்பி நடந்தார்கள். கல்மண்டபத்துக்கு அருகே வந்ததும் ரஷீது கேட்டார். "அண்ணே, உனக்கு சனிக்கெழமையே தெரியும். அவர் பொண்ணு மேல எனக்கு டவுட்டு வந்துச்சு, உனக்கு ஏன் வரல?"

"ஒழுகல் இருந்துச்சான்னு கேட்டேன். நின்னுடுச்சுன்னார். விளக்கைத் தினம் துடைக்கிற மனுஷன் அவர். தன் வண்டியோட ஒவ்வொரு ஆணியும் தெரியும். ஜெயவேல் அடைக்கல, நீ அடைக்கல. ஒழுகல் நின்னது யாராலன்னு அவர் என்கிட்டயும் கேட்கல, வேற யார்கிட்டயும் கேட்கல. தெரிஞ்சவன்தான் கேட்க மாட்டான்."

"அப்போ அங்கியே சொல்லிருக்கலாமே. ஏன் வாய மூடிகினு நின்ன?"

இக்னேஷியஸ் கடலைப் பார்த்தார். "நான் சொல்லியிருந்தா அவர் பிடிபட்டவர் ஆகியிருப்பார், பாய்."

அந்தக் கார் பிறகு ஓடவில்லை. ஜெயவேல் அடுத்த மாதமே எண்ணூர்ப் பக்கம் ஓர் ஆலையில் லாரி ஓட்டச் சேர்ந்தான். அந்தக் கடிதத்தைப் படித்த மேனேஜர் இரண்டாவது முறை படித்தார். பிறகு, மூலையில் இருந்த மஞ்சள் கட்டைவிரல் ரேகை யாருடையது என்று கேட்டார். பொந்தைத் தொட்ட விரலைத் துடைக்காமலே அருள்பிரகாசம் எழுதியிருந்தார்.

கடிதம் பட்டம்மாளின் தகரப் பெட்டியில் இருந்தது. பல வருடங்களுக்குப் பிறகு ஒரு கார்த்திகை மழையில் வியாசர்பாடி முழுவதும் முழங்கால் தண்ணீர் நின்று, பெட்டியும் நனைந்தது. வானம் வெளுத்ததும் அவள் மற்ற காகிதங்களை எல்லாம் வாசல் வெயிலில் பரப்பிக் கல் வைத்தாள். மஞ்சள் ரேகை பதிந்த அந்தக் கடிதத்தை மட்டும் வீட்டுக்குள் கொண்டுபோய், நிழலில் காயவைத்தாள்.